பன்றிக்கு வந்த நாடாப்புழு: மருந்து யாருக்கு?



பன்றி வளர்க்கும் குடும்பங்களுக்குப் பன்றி ஒரு உண்டியல் மாதிரி. மலையில் கொழுந்து பறித்து வாங்கும் சம்பளம் அரிசிக்கும் கடைக் கடனுக்கும் போய்விடும். பிள்ளைக்குச் சப்பாத்து வாங்க, திருவிழாச் செலவைச் சமாளிக்க ஒரு பன்றியை விற்றால்தான் கையில் காசு புரளும். அப்படிப்பட்ட பன்றிக்கு ஒரு நோய் என்றால் அது வீட்டுக்கே வந்த நோய்தான்.

இந்த இதழில் நாம் படிக்கப்போவது பன்றி இறைச்சியில் உண்டாகும் நாடாப்புழுக் கட்டிகளைப் பற்றி. "பன்னிக்குப் பூச்சி மருந்து குடுத்தாச்சுங்க, இனிப் பயமில்லைதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. மருந்து கொடுத்தது நல்லதுதான். ஆனால் அந்தப் புழுவைப் பன்றிக்குக் கொடுத்தது யார்? அதைக் கண்டுபிடிக்காமல் பன்றிக்கு மட்டும் மருந்து கொடுத்தால், அடுத்த பன்றிக்கும் அதே புழு வரும். அதைவிட மோசமாக, வீட்டுப் பிள்ளையின் மூளைக்கும் அது போகலாம். ஆகவே இந்தப் பாடத்தைப் பன்றி வளர்க்காதவர்களும், பன்றி இறைச்சியே சாப்பிடாதவர்களும் கட்டாயம் படிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

புழுவுக்கு இரண்டு வீடு

இந்த நாடாப்புழுவுக்கு வாழ்வதற்கு இரண்டு வீடு தேவை. ஒன்று மனிதனின் குடல். மற்றது பன்றியின் உடம்பு.

வளர்ந்த புழு மனிதக் குடலில் மட்டும்தான் வாழும். தலையிலுள்ள உறிஞ்சிகளாலும் கொக்கிகளாலும் குடற்சுவரைப் பிடித்துக்கொண்டு, தட்டையான வெள்ளை நாடா போல 2 முதல் 7 மீற்றர் வரை நீளும். அதன் உடம்பு ஏறக்குறைய 1,000 கணுக்களால் ஆனது. முற்றிய கணு ஒன்றில் மட்டும் சுமார் 50,000 முட்டைகள் இருக்கும். இந்தக் கணுக்கள் கழன்று மலத்தோடு வெளியே வரும். புழு வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் வலியோ காய்ச்சலோ தெரியாது. சிலருக்கு வயிற்றில் ஒரு சங்கடம், பசியில் மாற்றம், அவ்வளவுதான். ஆகவே வருடக்கணக்கில் புழுவோடு நடமாடுபவர்கள் உண்டு.

அப்படிப்பட்ட ஒருவர் வெளியே மலம் கழித்தால் என்ன நடக்கும்? அவிழ்த்துவிட்ட பன்றி அதைத் தின்றுவிடும். முட்டைகள் பன்றியின் குடலில் பொரித்து, மிகச் சிறிய குஞ்சுப் புழுக்கள் இரத்தத்தோடு உடம்பெங்கும் போகும். நாக்கு, தாடை, தோள், தொடை, இதயம், மூளை என்று போய்த் தங்கி, சுமார் இரண்டு மாதத்தில் நீர்க்கட்டிகளாக மாறும். ஒவ்வொரு கட்டியும் ஒரு அரிசி மணியிலிருந்து சிறு பட்டாணி வரையான அளவு. உள்ளே தெளிந்த நீரும் ஒரு வெள்ளைப் புள்ளியும் இருக்கும். அந்த வெள்ளைப் புள்ளிதான் வருங்கால நாடாப்புழுவின் தலை.

இந்த இறைச்சியை அரைவேக்காட்டில் சாப்பிடுகிற மனிதனின் குடலில் அந்தத் தலை வெளியே வந்து ஒட்டிக்கொள்ளும். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் முழு நாடாப்புழுவாகி, மறுபடியும் முட்டை இடத் தொடங்கும். வட்டம் முடிந்துவிட்டது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பன்றியின் சாணத்தில் இந்தப் புழுவின் முட்டை கிடையாது. முட்டை இருப்பது மனித மலத்தில்தான். "பன்னிதான் நோயைப் பரப்புது" என்று பன்றி வளர்க்கும் குடும்பத்தை ஏசுவது நியாயமில்லை. பன்றிக்கு நோயைக் கொடுத்தவன் மனிதன். பன்றி அதை இறைச்சி வழியாக மனிதனுக்குத் திருப்பிக் கொடுக்கிறது.

இறைச்சி சாப்பிடாதவருக்கும் ஏன் ஆபத்து?

இந்தப் பாடத்தில் மிகவும் முக்கியமான பகுதி இதுதான். ஆறுதலாகப் படியுங்கள்.

கட்டியுள்ள இறைச்சியைச் சாப்பிட்டால் குடலில் நாடாப்புழு வரும். அது ஒரு நோய். ஆனால் புழுவின் முட்டையை மனிதன் விழுங்கிவிட்டால், பன்றிக்கு நடந்ததே மனிதனுக்கும் நடக்கும். குஞ்சுப் புழுக்கள் இரத்தத்தோடு போய் மனிதனின் தசையிலும், கண்ணிலும், மூளையிலும் கட்டியாகத் தங்கும். இது வேறு நோய். இதுதான் பெரிய ஆபத்து.

முட்டை எப்படி வாய்க்கு வரும்? புழு வைத்திருப்பவர் கக்கூசுக்குப் போய்விட்டுச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் சோறு பிசைந்து பிள்ளைக்கு ஊட்டினால் வரும். மலம் கலந்த கான் தண்ணீர் பீலியிலோ கிணற்றிலோ சேர்ந்தால் வரும். கக்கூஸ் குழியின் கழிவை இட்ட மரக்கறிப் பாத்தியிலிருந்து பறித்த இலையைப் பச்சையாகச் சாப்பிட்டால் வரும். புழு வைத்திருப்பவர் தன் கையாலேயே தனக்கும் முட்டையை ஊட்டிக்கொள்ளலாம். அவருடன் ஒரே வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் ஆபத்து மிக அதிகம்.

அமெரிக்காவின் நியூயோர்க் நகரில் நடந்தது இதற்கு நல்ல சாட்சி. அங்கே யூத சமயத்தைக் கண்டிப்பாகப் பின்பற்றும் மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் பன்றி இறைச்சியைத் தொடவே மாட்டார்கள். அப்படியான நான்கு பேருக்கு மூளையில் பன்றி நாடாப்புழுக் கட்டிகள் இருந்ததை வைத்தியர்கள் கண்டு, 1992ஆம் ஆண்டு எழுதி வெளியிட்டார்கள். அந்த வீடுகளில் வேலை செய்த பணியாளர்களைப் பரிசோதித்தபோது ஒருவருடைய குடலில் நாடாப்புழு இருந்தது. பன்றி அந்த வீட்டு வாசலுக்கே வரவில்லை. முட்டை வந்தது மனிதக் கையால்.

ஆகவே "நாங்க மரக்கறி, எங்களுக்கு இது வராது" என்று யாரும் சொல்லமுடியாது. லயத்தில் பக்கத்துக் காம்பராவில் ஒருவருக்குப் புழு இருந்தால், அது அந்த லயம் முழுவதுக்கும் உரிய விடயம்.

அடுப்பில் விழுந்த மக்கள்

மூளையில் கட்டி தங்கினால் என்ன ஆகும்? சிலருக்கு ஒன்றும் தெரியாது. சிலருக்குத் தீராத தலைவலி. பலருக்கு வலிப்பு. முட்டையை விழுங்கிச் சில மாதங்களிலும் வலிப்பு வரலாம், சில வருடங்கள் கழித்தும் வரலாம். இந்த நோய் நிலைகொண்டுள்ள நாடுகளில், வலிப்பு நோயாளரில் நூற்றுக்கு 30 பேரளவில் இந்தப் புழுவே காரணம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆசியா, ஆபிரிக்கா, தென் அமெரிக்கா ஆகிய கண்டங்களில் இந்த நோய் உள்ள நாடுகள் பல. அண்டை நாடான இந்தியாவும் அவற்றில் ஒன்று.

இந்தோனேசியாவுக்குச் சொந்தமான மேற்கு நியூகினியில், பனியாய் ஏரிகளைச் சுற்றிய மலைநாட்டில் எக்காரி என்ற மக்கள் வாழ்கிறார்கள். எங்கள் மலைநாடு போலவே அங்கும் குளிர். இரவில் அடுப்பு நெருப்பைச் சுற்றித்தான் படுப்பார்கள். பன்றிதான் அவர்களுக்குச் செல்வம். முன்பு அங்கே இந்த நோய் இருக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் பாலித் தீவிலிருந்து அன்பளிப்பாகப் பன்றிகள் அங்கு கொண்டுவரப்பட்டன. அவற்றின் இறைச்சியில் கட்டிகள் இருந்தன.

சில வருடங்களில் அங்குள்ள ஆஸ்பத்திரிக்குக் கடுமையான தீக்காயங்களோடு ஆட்கள் வரத்தொடங்கினார்கள். ஒருவர் இருவர் அல்ல, பலர். ஏன் இத்தனை பேர் நெருப்பில் விழுகிறார்கள் என்று வைத்தியர்கள் விசாரித்தார்கள். தூக்கத்தில் வலிப்பு வந்து, பக்கத்திலிருந்த அடுப்பில் விழுந்தவர்கள் அவர்கள். காரணம் மூளையில் இருந்த நாடாப்புழுக் கட்டி. நல்லெண்ணத்தோடு கொடுத்த பன்றி, பரிசோதிக்காமல் கொடுத்ததால் ஒரு சமுதாயத்துக்கே இவ்வளவு துன்பத்தைக் கொண்டுவந்தது.

விறகு அடுப்புப் பக்கத்தில் பிள்ளைகள் குளிர் காயும் வீடுகள் எங்கள் லயங்களிலும் உண்டு. அதனால்தான் இந்தக் கதையை இங்கே சொன்னோம். புதிதாகப் பன்றிக்குட்டி வாங்கும்போது எங்கிருந்து வருகிறது, அடைத்து வளர்த்ததா, அவிழ்த்துவிட்டு வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

பன்றிக்கு இருக்கிறதா என்று எப்படி அறிவது?

பன்றியைப் பார்த்து அறிவது கடினம். கட்டி இருக்கும் பன்றியும் நன்றாகத் தின்னும், கொழுக்கும், துள்ளும். "எங்க பன்னி நல்லாத்தானே இருக்கு" என்பது பதிலாகாது.

உயிரோடு இருக்கும்போது செய்யக்கூடிய ஒரு சோதனை நாக்குச் சோதனை. பன்றியைக் கயிற்றால் பிடித்து, வாயில் குறுக்கே ஒரு தடியை வைத்து, துணியால் நாக்கை வெளியே இழுத்து, அடிப்பக்கத்தைக் கண்ணால் பார்த்து விரலால் தடவ வேண்டும். அரிசி மணி போல உருண்டைகள் தட்டுப்பட்டால் கட்டி இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். பன்றி கடிக்கும். ஆகவே பழக்கமுள்ளவர்கள்தான் இதைச் செய்யவேண்டும். இன்னொன்று, கட்டி குறைவாக உள்ள பன்றிகளில் நாக்கில் ஒன்றுமே இருக்காது. நாக்கில் கட்டி இருந்தால் நோய் இருக்கிறது எனலாம். நாக்கில் கட்டி இல்லை என்பதால் நோய் இல்லை என்று சொல்ல முடியாது.

பன்றிக்கு என்ன மருந்து?

பன்றிக்கு வழக்கமாகக் கொடுக்கும் எல்லாப் பூச்சி மருந்தும் இந்தக் கட்டிகளைக் கொல்லாது. ஐவர்மெக்டின் ஊசி, லெவமிசோல் போன்றவை குடலிலுள்ள உருண்டைப் புழுக்களுக்கும், சில தோலில் வரும் சொறிப் பூச்சிகளுக்கும் நல்லவை. தசைக்குள் உறைபோட்டு உட்கார்ந்திருக்கும் நாடாப்புழுக் கட்டிக்கு அவை போதாது.

கட்டியைக் கொல்ல நன்கு சோதிக்கப்பட்ட மருந்து ஒக்ஸ்பென்டசோல். தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் செய்த ஆய்வு 1996இல் வெளிவந்தது. பன்றியின் நிறையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 30 மில்லிகிராம் வீதம், ஒரே ஒரு தடவை வாய்வழியாகக் கொடுத்தால் தசையிலுள்ள கட்டிகள் செத்துவிடும் என்று அதில் தெரிந்தது. மூளையில் உள்ள கட்டிகள் சில தப்பலாம். இந்த அளவு மற்றப் பூச்சிகளுக்குக் கொடுக்கும் அளவைவிடப் பல மடங்கு அதிகம். எனவே குத்துமதிப்பாகக் கொடுக்கக் கூடாது. கால்நடை வைத்திய அதிகாரியிடம் கேட்டு, அவர் எழுதிக் கொடுக்கும் மருந்தை, அவர் சொல்லும் அளவில் மட்டும் கொடுக்கவேண்டும். சினைப்பன்றி என்றால் அதை முதலிலேயே அவரிடம் சொல்லுங்கள்.

வைத்தியர் கேட்கும் முதல் கேள்வி "பன்றி எத்தனை கிலோ?" என்பதாகத்தான் இருக்கும். தராசு இல்லாவிட்டால் தையற்காரரின் அளவு நாடா போதும். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னே நெஞ்சைச் சுற்றி அளவெடுங்கள். பிறகு இரண்டு காதுகளுக்கு நடுவிலிருந்து முதுகு வழியாக வால் தொடங்கும் இடம் வரை நீளத்தை அளவெடுங்கள். இரண்டும் சென்ரிமீற்றரில் இருக்கட்டும். நெஞ்சளவை நெஞ்சளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, வரும் தொகையை 14,430ஆல் வகுத்தால் ஏறக்குறைய எத்தனை கிலோ என்று வரும்.

உதாரணம்: நெஞ்சளவு 80, நீளம் 90. 80 × 80 × 90 = 5,76,000. இதை 14,430ஆல் வகுத்தால் சுமார் 40 கிலோ. கிலோவுக்கு 30 மில்லிகிராம் வீதம் 1,200 மில்லிகிராம் மருந்து தேவை. ஒரு மில்லிலீற்றரில் 100 மில்லிகிராம் உள்ள மருந்தென்றால் 12 மில்லிலீற்றர். போத்தலுக்குப் போத்தல் மருந்தின் செறிவு வேறுபடும். ஆகவே லேபலைப் படித்த பிறகே கணக்குப் போடவேண்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் இந்தக் கணக்கைச் செய்யச் சொல்லுங்கள். பிள்ளைக்கும் பாடம், உங்களுக்கும் உதவி.

மருந்து கொடுத்த பன்றியை உடனே வெட்டக் கூடாது. மருந்து இறைச்சியில் தங்கியிருக்கும். குறைந்தது மூன்று வாரம் பொறுக்கவேண்டும். வைத்தியர் அதற்கும் மேல் சொன்னால் அவர் சொன்னபடியே செய்யுங்கள். செத்த கட்டிகளின் தடயம் இறைச்சியிலிருந்து மறையச் சுமார் மூன்று மாதம் எடுக்கும். திருவிழாவுக்கு விற்க நினைத்தால் திருவிழாவுக்கு முதல் கிழமை மருந்து தேடாதீர்கள். நாலு மாதத்துக்கு முன்பே யோசியுங்கள்.

இந்த நோய்க்குப் பன்றிக்குப் போடும் தடுப்பூசியும் இப்போது உண்டு. அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தது அது. இந்தியாவின் ஹைதராபாத்தில் தயாரிக்கிறார்கள். ஆபிரிக்காவின் கமரூன் நாட்டில் இந்தத் தடுப்பூசியையும் ஒக்ஸ்பென்டசோலையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2010இல் வெளிவந்த முடிவின்படி, மருந்து பெறாத பன்றிகளில் ஏறக்குறைய ஐந்துக்கு ஒன்றில் கட்டி இருந்தது. தடுப்பூசி போட்ட பன்றி ஒன்றில்கூட இல்லை. தடுப்பூசி இனி வரும் புழுவைத் தடுக்கும். மருந்து ஏற்கெனவே உள்ள கட்டியைக் கொல்லும். இரண்டும் இரண்டு வேலை.

மனிதனுக்கு மருந்து

பன்றியில் கட்டி கண்டால், அந்தச் சுற்றுவட்டாரத்தில் யாரோ ஒருவருடைய குடலில் புழு இருக்கிறது என்றுதான் பொருள். அவரைக் கண்டுபிடித்து மருந்து கொடுப்பதே பாதி வேலை.

மலத்தில் வெள்ளை நிறத்தில், தட்டையாக, நாடாத் துண்டு போல ஏதும் கண்டால் வெட்கப்படாமல் தோட்ட டிஸ்பென்சரியிலோ அரசாங்க ஆஸ்பத்திரியிலோ சொல்லுங்கள். இது ஒழுக்கக் குறைவல்ல, தண்டனையுமல்ல. சளி, இருமல் போல இதுவும் ஒரு நோய். மலத்தைச் சோதிப்பார்கள், மருந்து கொடுப்பார்கள். பெரும்பாலும் ஒரே தடவை மருந்தில் புழு செத்து வெளியேறிவிடும். அன்றும் அடுத்த நாட்களிலும் கட்டாயம் கக்கூசையே பாவியுங்கள். திரும்பவும் சோதிக்க வரச்சொன்னால் போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் பூச்சி மாத்திரை முக்கியமாக வட்டப்புழு, கொக்கிப்புழு போன்றவற்றுக்கானது. அதைக் குடித்தோம், நாடாப்புழு போயிருக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். இரண்டு, நாடாப்புழு மருந்தைக் கடையில் கேட்டு வாங்கித் தானாகக் குடிக்கக் கூடாது. மூளையில் கட்டி இருப்பது தெரியாமல் சில மருந்துகளைக் குடித்தால் அவை கட்டியைத் தூண்டி வலிப்பை வரவைக்கலாம். முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால், கடும் தலைவலி இருந்தால் அதை வைத்தியரிடம் முதலில் சொல்லவேண்டும். பன்றிக்கு வாங்கிய மருந்தை மனிதன் குடிப்பது பெரிய ஆபத்து.

இறைச்சியை என்ன செய்வது?

பன்றி வெட்டும்போது தாடை, நாக்கு, இதயம், தோள் ஆகிய இடங்களை நல்ல வெளிச்சத்தில் வெட்டிப் பாருங்கள். அரிசி மணி போன்ற கட்டி கண்டால் கூறு போட வேண்டாம், விற்க வேண்டாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். ஒரு பன்றியின் காசு போகிறதே என்ற வேதனை எங்களுக்கும் விளங்குகிறது. ஆனால் "மணியைப் பொறுக்கிப் போட்டுட்டா இறைச்சி சுத்தம்தானே" என்பது பிழை. கண்ணுக்குப் பட்ட பத்துக்குப் பின்னால் கண்ணுக்குப் படாத நூறு இருக்கலாம். அந்தக் கூறு எந்த வீட்டுச் சட்டிக்குப் போகிறது என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் சொந்தக்காரரின் வீட்டுக்கு, உங்கள் பிள்ளையின் கூட்டாளி வீட்டுக்கு.

கட்டி இல்லாததுபோல் தெரியும் இறைச்சியையும் நன்றாக வேகவைத்தே சாப்பிடுங்கள். இறைச்சியின் உட்பகுதி 80 பாகை செல்சியஸ் சூட்டை அடைந்தால் கட்டி செத்துவிடும். வீட்டில் வெப்பமானி இல்லை. எனவே துண்டுகளைச் சிறிதாக வெட்டி, குழம்பு நன்றாகக் கொதித்து, நடுத்துண்டை உடைத்துப் பார்த்தால் சிவப்போ இளஞ்சிவப்போ இல்லாத அளவுக்கு வேகவிடுங்கள். பெரிய துண்டாக நெருப்பில் வாட்டினால் வெளியே கருகும், உள்ளே பச்சையாக இருக்கும். உப்புப் போட்டு அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுப் புகையில் காய்ந்த இறைச்சியையும் திரும்ப வேகவைத்தே சாப்பிடவேண்டும். குளிரில் உறையவைப்பதானால் மறை 10 பாகையிலோ அதற்குக் கீழோ குறைந்தது 10 நாள் இருக்கவேண்டும். அடிக்கடி கரண்ட் போகும் இடத்தில் அதை நம்ப முடியாது.

வாசலை மூடுவோம்

மருந்து புழுவைக் கொல்லும். மறுபடி வராமல் தடுப்பது கக்கூசும் பட்டியும்தான்.

1. எல்லோரும் கக்கூசையே பாவிக்கவேண்டும். சின்னப் பிள்ளைகளின் மலத்தையும் கானில் எறியாமல் கக்கூசில் போடுங்கள்.

2. மலையில் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் கக்கூஸ் இல்லையென்றால், அதைத் தோட்ட நிர்வாகத்திடம் சங்கத் தலைவர் மூலம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. இடம் இல்லாமல் புதர் மறைவுக்குப் போகவேண்டிய நிலையில் ஒரு பெண்ணை வைத்துவிட்டு, பிறகு சுகாதாரம் பேசுவதில் பயனில்லை.

3. பன்றியை எந்நேரமும் பட்டியில் அடைத்து வளருங்கள். சீமெந்துத் தரையும் உறுதியான வேலியும் இருக்கட்டும். கக்கூஸ் கழிவு ஓடும் கானுக்குப் பக்கத்தில் பட்டி வேண்டாம். ஒரு நாள் அவிழ்த்துவிட்டாலும் அந்த ஒரு நாள் போதும்.

4. கக்கூசுக்குப் போய் வந்ததும், சமைக்க முன்னும், பிள்ளைக்கு ஊட்ட முன்னும் சவர்க்காரத்தால் கை கழுவுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.

5. குடிதண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடியுங்கள். பச்சையாகத் தின்னும் இலை, காய்களை ஓடும் சுத்தமான நீரில் கழுவுங்கள்.

6. கக்கூஸ் குழியின் கழிவை மரக்கறிப் பாத்திக்கு இடவேண்டாம்.

ஒழிக்க முடியுமா?

முடியும் என்று காட்டியிருக்கிறார்கள். பெரு நாட்டின் வடக்குக் கோடியில் தும்பெஸ் என்ற மாகாணம் இருக்கிறது. அங்கே பன்றிகள் கிராமங்களில் அவிழ்ந்து திரிந்தன, வலிப்பு நோயும் மிகுந்திருந்தது. 2004இல் தொடங்கிப் பல வருடங்களாக அங்கே வேலை செய்தார்கள். மனிதர்களுக்குப் புழு மருந்து, பன்றிகளுக்கு ஒக்ஸ்பென்டசோல், பிறகு பன்றிகளுக்குத் தடுப்பூசி என்று எல்லாவற்றையும் சேர்த்து நடத்தினார்கள். கடைசிக் கட்டத்தில் 107 கிராமங்களிலும் 81,000க்கும் மேற்பட்ட மக்களிடையிலும் அது நடந்தது. 2016இல் வெளிவந்த முடிவின்படி 105 கிராமங்களில் நோய் பரவுவது நின்றிருந்தது.

மனிதனையும் பன்றியையும் ஒன்றாகவே கவனித்ததால்தான் அது முடிந்தது. அங்கே ஒரு வீடு மருந்து எடுக்க, பக்கத்து வீடு மறுத்திருந்தால் முடிந்திருக்காது. ஒரு லயத்தில் பத்துக் காம்பராவில் ஒன்பது ஒத்துழைத்து ஒன்று விலகினாலும் புழுவுக்கு ஒரு வாசல் திறந்தே இருக்கும்.

வலிப்பு வந்தால்

எல்லா வலிப்பும் இந்தப் புழுவால் வருவதல்ல. வேறு காரணங்கள் பல உண்டு. எதுவானாலும் வலிப்பு வந்தவரை அடுப்பு, நெருப்பு, படிக்கட்டு ஆகியவற்றிலிருந்து விலக்குங்கள். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். தலைக்குக் கீழே துணி வையுங்கள். வாய்க்குள் கரண்டியோ விரலோ வைக்கவேண்டாம். கையில் இரும்பைக் கொடுப்பதால் வலிப்பு நிற்காது. முழு நினைவு வரும்வரை தண்ணீர் கொடுக்க வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் வலிப்பு நீடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

முதல் தடவை வலிப்பு வந்த பிள்ளையை ஆஸ்பத்திரியில் கட்டாயம் காட்டுங்கள். பேய், பிசாசு, செய்வினை என்று நாள் கடத்தாதீர்கள். மூளையில் கட்டி இருக்கிறதா என்று படமெடுத்துப் பார்க்கலாம், மருந்தும் உண்டு. அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தவோ, பெண்பிள்ளை என்று மறைத்துவைக்கவோ வேண்டாம். வலிப்பு தொட்டால் ஒட்டும் நோயல்ல.

படித்ததை நினைவுபடுத்திக்கொள்வோம்

மாதர் சங்கக் கூட்டத்திலோ வீட்டிலோ ஒருவர் வாசிக்க மற்றவர்கள் பதில் சொல்லுங்கள்.

கேள்வி: பன்றிக்கு நாடாப்புழுக் கட்டி எதிலிருந்து வருகிறது?
பதில்: புழு உள்ள மனிதனின் மலத்திலிருந்து.

கேள்வி: மரக்கறி மட்டும் சாப்பிடுபவருக்கு மூளையில் கட்டி வருமா?
பதில்: வரும். புழுவின் முட்டை கையாலோ தண்ணீராலோ உணவாலோ வாய்க்குப் போனால் யாருக்கும் வரும்.

கேள்வி: ஐவர்மெக்டின் ஊசி போட்டால் இறைச்சியிலுள்ள கட்டி சாகுமா?
பதில்: அதை நம்ப முடியாது. கால்நடை வைத்தியரிடம் ஒக்ஸ்பென்டசோல் பற்றிக் கேட்கவேண்டும்.

கேள்வி: நெஞ்சளவு 90, நீளம் 100 சென்ரிமீற்றர் உள்ள பன்றி எத்தனை கிலோ?
பதில்: 90 × 90 × 100 = 8,10,000. அதை 14,430ஆல் வகுக்கச் சுமார் 56 கிலோ.

கேள்வி: பன்றியில் கட்டி கண்டால் பன்றியைத் தவிர யாரைப் பரிசோதிக்கவேண்டும்?
பதில்: பன்றி திரிந்த இடத்திலுள்ள வீட்டுக்காரர் எல்லோரையும்.

கடைசிக் கேள்விக்கான பதிலை யாரும் மறக்கவேண்டாம். பன்றிப் பட்டியில் மருந்துப் போத்தலோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைக்காமல், அன்றைக்கே டிஸ்பென்சரிக்கும் ஒரு நடை போய்வாருங்கள்.